விபத்தின் பின்னர் "பிறகு பாப்பம்" என்று இருக்கலாமா?

விபத்து என்பது சொல்லிக்கொண்டு வருவதில்லை. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போகும் வழியிலும் வரலாம். அடுப்படியிலும் வரலாம், கிணற்றடியிலும் வரலாம். வந்த விபத்தை நாம் தடுத்திருக்க முடியாமற் போகலாம். ஆனால் விபத்து நடந்த பின்னர் வரும் முதல் சில மணித்தியாலங்கள் பெரும்பாலும் எமது கையிலேயே இருக்கின்றன. அந்த நேரத்தில் நாம் எடுக்கும் முடிவுதான் ஒருவர் உயிர் பிழைப்பதையும், பிழைத்தவர் கை கால் சுகத்தோடு வாழ்வதையும் பல வேளைகளில் தீர்மானிக்கின்றது.

வன்னியில் உள்ள ஒரு கிராமத்தில் நான் வீடு வீடாகச் சென்று பணியாற்றிய காலத்தில் சந்தித்த ஓர் அக்காவின் கதையை முதலில் சொல்ல விரும்புகின்றேன். தன் பெயரைப் போட வேண்டாம், கதையை மட்டும் எழுதுங்கோ என்று அவரே கேட்டுக்கொண்டார்.

யுத்தத்தில் கணவனை இழந்த அவர் தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்து வந்தார். ஒரு நாள் மாலை, கடையில் நூல் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பும்போது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டது. விழுந்ததில் தலையின் ஒரு பக்கம் கிரவல் வீதியில் அடிபட்டது. சிறிது நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பின்னர் எழுந்து சீலையைத் தட்டிக்கொண்டார். மோட்டார் சைக்கிளில் வந்தது தெரிந்த வீட்டுப் பிள்ளை. "ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போறன் அன்ரி" என்று அவன் கெஞ்சியிருக்கிறான். "ஒண்டுமில்லை தம்பி, நீ போ. ஏதும் எண்டால் நாளைக்குப் பாப்பம்" என்று இவர் அவனை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சமைத்தார். தலையிடி தொடங்கியது. இரண்டு பனடோல் குடித்தார். அடுத்த நாள் கொடுக்க வேண்டிய பாடசாலைச் சீருடைகள் இருந்ததால் மெஷினில் இருந்தார். இரவு இரண்டு தடவை சத்தி எடுத்தார். "பித்தமாக்கும்" என்று நினைத்துப் படுத்துவிட்டார். விடிய, பதினான்கு வயது மகள் தட்டி எழுப்பியபோது தாய் கண்ணைத் திறந்தாரே தவிர ஒழுங்காகக் கதைக்கவில்லை.

பக்கத்து வீட்டார் அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்றி, ஸ்கான் செய்து பார்த்தபோது மண்டையோட்டுக்குள் இரத்தம் கட்டியிருந்தது. சத்திரசிகிச்சையின் பின் உயிர் மீண்டது. ஆனால் வலது கை பழைய கையாக இல்லை. கத்தரிக்கோலைப் பிடித்து நேராக வெட்ட அவரால் முடியவில்லை.

"அண்டைக்குப் பின்னேரம் ஒரு மூண்டு மணித்தியாலத்தைச் செலவழிக்கப் பஞ்சிப்பட்டன். இப்ப எண்டை தொழிலே போட்டுது" என்று அவர் என்னிடம் சொன்னார்.

அவர் அறியாமையால் அப்படிச் செய்தவர் அல்லர். யுத்த காலத்தில் காயப்பட்டவர்களைத் தூக்கி ஓடியவர், இரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போடத் தெரிந்தவர். பிள்ளைகளில் ஒருவர் அன்று விழுந்திருந்தால் அந்த நேரமே வைத்தியசாலைக்கு ஓடியிருப்பார். விழுந்தது தான் என்றபடியால்தான் "பிறகு பாப்பம்" என்று இருந்தார். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் விடயம் இது. எனவே இக்கட்டுரையில் விபத்தின் பின் என்ன செய்ய வேண்டும் என்பதுடன், நாம் ஏன் தாமதிக்கின்றோம் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் விபத்துச் சிகிச்சைக்கென விசேட பிரிவொன்றை உருவாக்கிய ஆர். அடம்ஸ் கௌலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், படுகாயமடைந்தவருக்கு முதல் ஒரு மணித்தியாலமே பொன்னான நேரம் என்று வலியுறுத்தி வந்தார். உலகெங்கும் இன்று அவசர சிகிச்சை பற்றிப் பேசுபவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகின்றனர். அறுபது நிமிடம் முடிந்தவுடன் எல்லாம் முடிந்துவிடும் என்பது இதன் பொருளல்ல. எவ்வளவு விரைவாகச் சிகிச்சை கிடைக்கின்றதோ அவ்வளவுக்கு நன்மை என்பதே பொருள்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தமே உள்ளது. அதில் பெரும் பகுதி வெளியேறினால் மூளைக்கும் இருதயத்திற்கும் போதிய ஒட்சிசன் போகாது. எம்மில் பல பெண்கள் ஏற்கனவே இரத்தச்சோகை உள்ளவர்கள். அவர்களின் உடல் இரத்த இழப்பைத் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. வெளியே வழியும் இரத்தம் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசியும் இரத்தம் தெரியாது. முகம் வெளிறி, குளிர்ந்த வியர்வை வடிந்து, நாடி வேகமாக அடித்து, வயிறு நொந்து இறுகினால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் அது அவசர நிலையாகும்.

தலையில் அடிபட்டால்

மேலே சொன்ன அக்காவை ஏமாற்றியது இதுதான். தலையில் அடிபட்ட ஒருவர் எழுந்து நடக்கலாம், கதைக்கலாம், சிரிக்கலாம். அதே நேரத்தில் மண்டையோட்டுக்குள் சிறு இரத்தக்குழாய் ஒன்று கசிந்துகொண்டிருக்கலாம். மண்டையோடு விரிந்து கொடுக்காது. ஆகையால் கசிந்த இரத்தம் மூளையையே அழுத்தும். சில மணித்தியாலங்கள் கழித்து நிலைமை திடீரென மோசமாகும்.

விழுந்தவுடன் சிறிது நேரமேனும் நினைவு தப்பியிருந்தால், நடந்தது ஞாபகமில்லாவிட்டால், தலையிடி கூடிக்கொண்டு போனால், ஒரு தடவைக்கு மேல் சத்தி எடுத்தால், வழமைக்கு மாறாக நித்திரை தூங்கினால், கதை குழறினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால், வலிப்பு வந்தால், காதாலோ மூக்காலோ இரத்தம் அல்லது தண்ணீர் போல வடிந்தால், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும் இருதய நோயாளரும் வயோதிபரும் அடையாளங்கள் தோன்றும்வரை காத்திருக்காமல் போவது நல்லது. வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் நாளில் தனியே இருக்கக் கூடாது. ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும்.

அம்புலன்ஸ் வரும்வரை

விபத்து நடந்த இடத்தில் கூடும் கூட்டம் வழமையாகச் செய்யும் முதற் காரியம், விழுந்தவரைத் தூக்கி நிமிர்த்திச் சோடா பருக்குவதாகும். இரண்டும் தவறு. நினைவு தெளிவில்லாதவருக்குப் பருக்கினால் அது சுவாசக்குழாய்க்குள் போய்விடும். நினைவு இருந்தாலும், சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வாயால் ஒன்றும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்றால் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றக் கூடாது. வாகனம் வந்து மோதும் ஆபத்து, நெருப்பு போன்றவை இல்லாவிட்டால் அம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் விடுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர் மூச்சு விடச் சிரமப்படாவிட்டால் தலைக்கவசத்தைக் கழற்ற இழுபட வேண்டாம். நினைவில்லாமல் மூச்சு மட்டும் விடுபவர் சத்தி எடுக்கத் தொடங்கினால், தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பும்படி இருவர் மூவராகச் சேர்ந்து மெதுவாகப் பக்கவாட்டில் சரியுங்கள்.

இரத்தம் ஓடினால் துப்புரவான துணியை மடித்து, காயத்தின் மேலேயே வைத்து உள்ளங்கையால் இறுக்கி அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன் மேல் இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். உள்ளே குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்க வேண்டாம்.

யுத்த காலத்தில் எம்மில் பலர் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டப் பழகியவர்கள். கை கால் சிதைந்து, அழுத்தியும் நிற்காமல் இரத்தம் பாயும்போது அந்தக் கட்டு உயிரைக் காக்கும். அப்படிக் கட்டினால் கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அழுத்தி நிறுத்தக்கூடிய காயத்துக்கு அப்படிக் கட்டினால், இரத்தோட்டம் இல்லாமல் நல்ல காலையே இழக்க நேரிடும்.

எரிகாயம்

நெல் அவிக்கும் அண்டா, கொதிக்கும் கஞ்சி, சரிந்து விழும் குப்பி விளக்கு ஆகியவை எமது வீடுகளில் எரிகாயத்துக்குக் காரணமாகின்றன. குப்பி விளக்கின் ஆபத்தைக் கண்டு, எளிதில் சரியாத கட்டையான கண்ணாடி விளக்கொன்றை இலங்கையின் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர வடிவமைத்தார். "சுதீப" என்ற அந்த விளக்குக்காக அவருக்கு 1998ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரே விளக்குச் செய்ய வேண்டி வந்தது என்றால், வைத்தியசாலையில் அவர் எத்தனை எரிகாயங்களைப் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

உடையில் நெருப்புப் பற்றினால் ஓடக் கூடாது. நிலத்தில் படுத்து உருள வேண்டும், அல்லது தடித்த பருத்திப் போர்வையால் மூட வேண்டும். பின்னர் எரிந்த இடத்தில் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடங்கள் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் போதும். ஐஸ் வைக்கக் கூடாது. காப்பு, மோதிரம் என்பவற்றை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, எண்ணெய், சாம்பல் எதையும் பூச வேண்டாம். வைத்தியசாலையில் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது நோவு இரட்டிப்பாகும், கிருமியும் தொற்றும். துப்புரவான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு செல்லுங்கள். சிறு பிள்ளைகளின் எரிகாயமும், முகம், கை, மூட்டு, மறைவிடங்களில் ஏற்படும் எரிகாயமும் சிறிதானாலும் வைத்தியருக்குக் காட்டப்பட வேண்டியவை.

முறிவும் பாம்புக்கடியும்

எலும்பு முறிந்தால் முறிவு நெரிவு வைத்தியரிடம் செல்வது எமது பகுதிகளில் நெடுங்கால வழக்கமாகும். அந்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, எங்கே எப்படி முறிந்துள்ளது என்று அறிய வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் அது கிருமி புகும் வாசலாகும். அதற்கு உடனடியாக வைத்தியசாலைச் சிகிச்சையே தேவை. எண்ணெயும் பத்தும் வைத்து இறுக்கிக் கட்டிய பின் விரல்கள் நீலம் பாரித்தால், குளிர்ந்தால், விறைத்தால், தாங்க முடியாமல் உளைந்தால் இரத்தோட்டம் தடைப்படுகின்றது என்று பொருள். அப்படியே விட்டால் சில மணித்தியாலங்களிலேயே தசை அழியத் தொடங்கும். கட்டை உடனே தளர்த்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் கொண்டு செல்ல வேண்டும். பாம்பை அடித்துப் பிடிக்க நேரத்தைக் கழிக்க வேண்டாம். எண்ணெய் விரியனைப் பற்றி விசேடமாகச் சொல்ல வேண்டும். இது இரவில் நிலத்தில் படுத்திருப்பவர்களையே பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ அதிகம் இராது. சில வேளை கடிபட்டதே தெரியாது. வயிற்று நோவு வந்து, பின் கண்மடல் சரிந்து, விழுங்கக் கடினமாகி, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நோவில்லை என்று விடியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

கர்ப்பிணிப் பெண் விழுந்தால்

கர்ப்பமாக இருக்கும்போது வயிறு அடிபட விழுந்தாலும் வாகனத்தில் மோதுண்டாலும், நோவு இல்லை என்று வீட்டில் இருக்கக் கூடாது. தாய்க்கு ஒன்றும் தெரியாமலே நச்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியத் தொடங்கலாம். வைத்தியசாலையில் சில மணித்தியாலங்கள் வைத்துக் குழந்தையின் இருதயத் துடிப்பைக் கவனிப்பார்கள். இரத்த வகை நெகற்றிவ் ஆக உள்ள தாய்க்கு ஊசி ஒன்று தேவைப்படலாம். அதை 72 மணித்தியாலங்களுக்குள் போடுவது முக்கியம். ஆகவே கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

யுத்தத்தில் காயப்பட்ட எம்மவர் பலரின் உடலில் செல் துண்டுகளோ சன்னமோ இன்றும் உள்ளன. பழகிப்போனதால் சிலர் அதை மறந்தே விடுகின்றனர். வேறு சிலர், தேவையில்லாத கேள்வி வரும் என்று அஞ்சிச் சொல்லாமல் விடுகின்றனர். எக்ஸ்ரேக்கும் சீ.ரி. ஸ்கானுக்கும் இதனால் ஆபத்து இல்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. என்னும் ஸ்கான் பலமான காந்த சக்தியால் இயங்குவது. உடலிலுள்ள இரும்புத் துண்டு அந்தக் காந்தத்தால் இழுபட்டு அசையலாம். கண்ணுக்கு அருகிலோ முதுகெலும்புக்கு அருகிலோ இருந்தால் பேராபத்து. ஆகவே "எனக்கு உடம்புக்குள் பீஸ் இருக்கு" என்று வைத்தியருக்கும் ஸ்கான் எடுப்பவருக்கும் நீங்களாகவே சொல்லுங்கள். உங்கள் நினைவு தப்பியிருந்தால் சொல்வதற்கு வீட்டில் இன்னொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

நீரிழிவு, இருதய நோய், வலிப்பு ஆகியவற்றுக்கு எடுக்கும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்துகள் பற்றியும் சொல்லுங்கள். ஏற்பு ஊசி போட்டது எப்போது என்று கேட்பார்கள். இடப்பெயர்வில் அட்டைகள் தொலைந்திருந்தால் "தெரியாது" என்று உண்மையைச் சொல்வதே நல்லது. தேவையெனில் மீண்டும் போடுவார்கள்.

ஏன் தாமதிக்கின்றோம்?

"காசில்லை" என்பது முதற் காரணம். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். போவதற்கான வாகனச் செலவைக் குறைக்கவும் வழியுண்டு. 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் ஆரம்பிக்கப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்கிற்கும் விரிவாக்கப்பட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தமிழிலேயே கதைக்கலாம். கட்டணம் எதுவும் இல்லை. முதலுதவிப் பயிற்சி பெற்றவர் அம்புலன்ஸில் வருவார்.

"பொலிஸ் கேஸ் ஆகிவிடும்" என்பது அடுத்தது. பொலிஸ் முறைப்பாடு முடியும்வரை அவசர சிகிச்சை காத்திருப்பதில்லை. முதலில் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகன விபத்தாயின் அங்கிருந்தே பொலிஸாருக்குத் தகவல் போகும். இது உங்களுக்கு நன்மையே. வாகனங்களுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமாகும். பின்னர் நட்டஈடு கேட்பதற்கு முறைப்பாடும் வைத்தியசாலைப் பதிவும் வேண்டும். தெரிந்த பிள்ளை என்று இரங்கி அனுப்பிய அந்த அக்காவிடம் இரண்டும் இருக்கவில்லை. வீடு செல்லும்போது தரப்படும் டயக்னோசிஸ் காட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

"ஆம்பிளை டொக்டர், உடுப்பைக் கழட்டச் சொல்லுவார்" என்ற வெட்கம் மூன்றாவது. பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது பிழையல்ல.

நான்காவது காரணம் வெளியே சொல்லப்படுவதில்லை. 2009இல் தற்காலிக வைத்தியசாலைகளில் கண்டவற்றை மறக்க முடியாத பெண்கள் எம்மிடையே உள்ளனர். "அந்த மருந்து மணம் வந்தாலே நெஞ்சு அடைக்குது" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். இது கோழைத்தனமல்ல, மனதில் ஏற்பட்ட காயம். அப்படிப்பட்டவரைத் தனியே போ என்று துரத்தாமல் துணைக்கு ஒருவர் செல்ல வேண்டும். தாதியிடமும் அதைச் சொல்லலாம்.

ஐந்தாவது, விபத்து என்று சொல்லப்படும் காயங்கள். "கிணத்தடியிலை வழுக்கினன்", "அடுப்பு தட்டுப்பட்டது" என்று சொல்லி, அடிபட்டதை மறைத்து வீட்டிலேயே இருக்கும் சகோதரிகள் உள்ளனர். யார் அடித்தாலும் காயத்துக்குச் சிகிச்சை தேவை. காயம் எப்படி ஏற்பட்டது என்று தெரிந்தால்தான் வைத்தியர் சரியாகப் பரிசோதிக்க முடியும். வன்முறைக்குள்ளான பெண்களுக்கென அரச வைத்தியசாலைகள் பலவற்றில் "நட்பு நிலையம்" இயங்குகின்றது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புக் கட்டளை பெறும் உரிமையைத் தருகின்றது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் "பிள்ளையளை ஆரிட்டை விடுறது?" என்பதாகும். அந்த அக்காவும் கடைசியில் இதைத்தான் சொன்னார். "ஆசுப்பத்திரியிலை மறிச்சுப் போட்டால் குமர்ப் பிள்ளையைத் தனிய விட ஏலுமே?" இந்தக் கேள்விக்கு வைத்தியசாலை பதில் சொல்லாது. அம்புலன்ஸும் பதில் சொல்லாது. நாமேதான் பதில் தேட வேண்டும்.

அந்தக் கிராமத்துப் பெண்கள் கண்ட வழி

அந்தச் சம்பவத்தின் பின்னர், அக்கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இது பேசப்பட்டது. நீண்ட விவாதத்தின் பின் அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்தன. ஒரு வீட்டுப் பெண்ணுக்கு ஏதும் நடந்தால் மற்ற வீட்டார் பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் பார்க்க வேண்டும். துணைக்கு வைத்தியசாலைக்குச் செல்வது யார் என்பதும் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் 1990 என்று பெரிதாக எழுதினார்கள். அதன் கீழே கிராம அலுவலர் பிரிவு, வீதியின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது மதகு அல்லது சங்கக்கடை ஆகியவற்றை எழுதினார்கள். பதறும் நேரத்தில் வழி சொல்ல வாய் வராது, பிள்ளைகூட அதைப் பார்த்து வாசித்துவிடலாம் என்பது அவர்களின் யோசனை. சந்தியில் ரோச் லைற்றுடன் நின்று அம்புலன்ஸுக்கு வழிகாட்ட இரண்டு இளைஞர்களையும் ஒழுங்கு செய்தனர். அம்புலன்ஸ் வரத் தாமதமானால் எவருடைய வாகனத்தில் படுக்க வைத்துக் கொண்டு செல்வது என்பதும் தீர்மானிக்கப்பட்டது. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, ஒரு மாற்றுடுப்பு, சிறு தொகைப் பணம் ஆகியவை ஒரு பையில் கதவுக்குப் பின்னால் தொங்கின.

சில மாதங்களின் பின் அந்த ஒழுங்கு சோதிக்கப்பட்டது. நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு தாய், நடுச்சாமத்தில் கையில் ஏதோ சுரீரென்றது போல எழும்பினார். வெளிச்சத்தில் பார்த்தால் வீக்கமில்லை, நோவுமில்லை. "எறும்பாக்கும், விடியப் பாப்பம்" என்று மீண்டும் படுக்கப் போனவரை அவரது மகன் விடவில்லை. சோடி வீட்டு அன்ரியை ஓடிப்போய்க் கூப்பிட்டான். அந்த அம்மா வந்து பார்த்தார். "பாப்பம் எண்டு இருந்து என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியுந்தானே, எழும்பு" என்று அதட்டி, அப்போதே 1990க்கு எடுத்தார். வைத்தியசாலையை அடையும்போது அந்தத் தாயின் கண்மடல்கள் சரியத் தொடங்கியிருந்தன. சில நாட்கள் இயந்திரத்தின் உதவியுடன் மூச்சு விட்டார். பின்னர் சுகமாக வீடு திரும்பினார். அவர் வரும்வரை பிள்ளைகள் பாடசாலைக்கு ஒரு நாளும் தவறாமல் போயிருந்தார்கள்.

நாம் இன்றே செய்யக்கூடியது

சகோதரிகளே! குடும்பத் தலைவியாகிய உங்கள் உடம்பு உங்களுடையது மட்டுமல்ல. அதன் நிழலில்தான் பிள்ளைகள் நிற்கின்றார்கள். "எனக்கென்ன, பிள்ளையளுக்கு ஒண்டும் நடவாட்டில் போதும்" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் உங்களுக்கு நடந்தால் அது பிள்ளைகளுக்கும் நடந்ததுதான்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்தவுடன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். 1990 என்ற இலக்கத்தையும் உங்கள் வீட்டு அடையாளத்தையும் சுவரில் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கேனும் அந்த இலக்கத்துக்கு எடுத்து எப்படிச் சொல்வது என்று பழக்குங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுடன் இருந்து, "எனக்கு ஏதும் எண்டால் நீர் பாரும், உமக்கு ஏதும் எண்டால் நான் பாப்பன்" என்று பேசி வையுங்கள்.

சீருடை தைத்துக் கொடுத்த அந்த அக்கா இப்போது இடது கையால் வெட்டப் பழகுகிறார். மகள் மெஷினில் இருக்கிறாள். சங்கக் கூட்டங்களுக்கு அவர் தவறாமல் வருவார். புதிதாகச் சேரும் பெண்களிடம் தன் வலது கையைக் காட்டி, "இதைப் பாத்தாவது நேரத்துக்குப் போங்கோ" என்று சொல்வார். அவரது அந்தச் சொல்லையே உங்களுக்கும் சொல்லி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றேன்.